பதினொரு தரம் செத்தவர்

இந்திரகுமாரைக் கேட்டால் சொல்லுவார், இந்த வேலையில் ஆளைக் கொல்லுகிறது கழுவுகிறதும் தூக்குகிறதும் இல்லை, எழுத்து வேலைதான் என்று. மெல்பனின் வடக்கே, இத்தாலியக் கிழவர் கிழவிகள் நிறைந்த ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு ஒன்பது வருசமாக வேலை. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டுப் பேரை எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் இருத்த வேண்டும். அதுவரைக்கும் உடம்புதான் நோகும். வேலை முடிகிற நேரம் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்து, எட்டுப் பேரும் அன்றைக்கு என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று இங்கிலீசில் நோட்ஸ் எழுத வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலும் கெஞ்சுகிற நேரத்தில், அந்தக் கதிரையில் குந்தினால் கண் தானாகச் சொருகும்.

பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று அவருக்கு மனப்பாடம். இங்கே இருக்கிறவர் சொன்னதைச் சொன்னபடி எழுது, உன்னுடைய அபிப்பிராயத்தைச் சேர்க்காதே. ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்காக இருந்த மனுசனுக்கு இப்படியொரு விதி கிடைத்தால் விடுவாரா? மற்றவர்கள் 'வடிவாகச் சாப்பிட்டார், வடிவாக நித்திரை கொண்டார்' என்று ஒரே வரியை எட்டுப் பேருக்கும் ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் மினக்கெட்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். அந்த மினக்கேடுதான் பதினாலாம் அறைக் கிழவருக்கு வினையாகப் போனது.

கிழவரின் பெயர் வின்சென்சோ. வயது எண்பத்துநான்கு. இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்து, மெல்பன் முழுக்கக் கொங்கிறீட் போட்டவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தன்னிலும் இருபத்தாறு வயது மூத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்திரகுமாருக்கு வாய் வரவில்லை. 'அங்கிள்' என்றார். நான் உனக்கு எப்போதிருந்து அங்கிள் என்று கிழவர் முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார். கிழவரின் இங்கிலீசும் ஓட்டை, இவரின் இங்கிலீசும் ஓட்டை. அதனால்தானோ என்னவோ, இரண்டு பேருக்கும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

பதினாலாம் அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முற்றம். அங்கே கிழவர் மூன்று தொட்டிகளில் தக்காளி வைத்திருந்தார். காலையில் குளித்து முடிந்ததும் ஊன்றுகோலோடு போய் ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்ப்பார். கிழவருக்கு இன்னொரு பழக்கம், சொக்ஸ் இல்லாமல் யாருக்கும் காலைக் காட்ட மாட்டார். இடது காலில் சின்ன விரல் இல்லை. ஒன்பது வயதில் தகப்பன் தோட்டம் கொத்தும்போது குறுக்கே ஓடி, மண்வெட்டி போட்ட வெட்டு. வேறு யாராவது சொக்ஸைக் கழற்றப் போனால் காலை இழுத்துக்கொண்டு கத்துவார். இந்திரகுமாருக்கு மட்டும் நீட்டுவார். இவரும் தினமும் கிரீம் பூசி, இருக்கிற நாலு விரலுக்கும் இடையில் துடைத்துவிட்டு, திரும்பவும் சொக்ஸைப் போட்டுவிடுவார்.

பெப்ரவரி மாதத்தில் ஒரு நாள், அப்படிக் கிரீம் பூசிக்கொண்டிருக்கும்போதுதான் கிழவர் சொன்னார்.

"என்னை ரோமில கொன்றவங்கள், தெரியுமோ உனக்கு? ஒருக்கா இல்லை, பதினொரு தரம்."

"பிறகு என்ன நடந்தது, அங்கிள்?"

"பிறகென்ன. மத்தியானம் மணி அடிச்சாங்கள். எழும்பிப் போய்ச் சாப்பிட்டம்."

இந்திரகுமாருக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட். வர வேண்டிய ஆள் வரவில்லை, அதையும் சேர்த்து இவர் தலையில் கட்டிவிட்டார்கள். என்ன ஏது என்று கேட்கிற தெம்பு அவரிடம் இல்லை. போய்க் கொம்பியூட்டரில் இருந்து விதிப்படி எழுதினார். 'தன்னை ரோமில் பதினொரு தடவை கொன்றதாகச் சொன்னார். செத்த பிறகு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதாகவும் சொன்னார்.' அடுத்த நாள் கிழவர் கோயில் தூண் விழுந்து செத்த கதையைச் சொன்னார். அதையும் எழுதினார்.

மூன்றாம் நாள்தான் கிழவரின் வாயில் சினிமா என்ற சொல் வந்தது. அறுபதாம் ஆண்டு வாக்கில் இத்தாலிக்காரர்கள் ரோமாபுரிப் படங்களை இடியப்பம் அவிக்கிற மாதிரி அவித்துத் தள்ளினார்களாம். மேலில் துணியில்லாத ஒரு பலசாலி, கெட்ட ராணி ஒருத்தி, கடைசியில் தூணைத் தள்ளிக் கோயிலைச் சரிப்பது. சண்டைக்கு ஆட்கள் வேண்டும் என்று காலையில் லொறி வரும். ஊரிலிருந்து வேலை தேடி ரோமுக்குப் போயிருந்த வின்சென்சோவும் ஏறிவிடுவார். குட்டைப் பாவாடையும் வார் வைத்த செருப்பும் கொடுத்து, விழு என்பார்கள். விழுவார்.

"உந்தப் படங்கள் நானும் பாத்திருக்கிறன், அங்கிள்" என்றார் இந்திரகுமார். "யாழ்ப்பாணத்தில காலமைக் காட்சிக்குப் போடுவாங்கள். நாங்கள் அதுகளை இங்கிலீசுப் படமெண்டுதான் நினைச்சனாங்கள். ஆக்கள் விழ விழ விசிலடிக்கிறது."

"நான் சாகேக்க நீ விசிலடிச்சனியோ?"

"அடிச்சிருப்பன்."

கிழவர் இருமல் வருமட்டும் சிரித்தார்.

அன்றைக்கே இந்திரகுமார் முதல் இரண்டு குறிப்பையும் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. முழங்கால் வலி, அடுத்த நாள் லீவு, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகு அது நினைவிலிருந்து போய்விட்டது. அவர் மறந்தாலும் கொம்பியூட்டர் மறக்குமா? மற்ற ஷிஃப்ட்காரர்கள் அவர் எழுதியதையே வெட்டி ஒட்டினார்கள். 'இன்றும் ரோமில் கொல்லப்பட்டதாக நம்புகிறார்.' 'இன்றும் நம்புகிறார்.' மூன்று கிழமையில் பதினாறு குறிப்பு சேர்ந்துவிட்டது.

கல்யாணி கூப்பிட்டுச் சொன்னபோதுதான் அவருக்கு விசயம் தெரிந்தது. கல்யாணி அங்கே பொறுப்பு நர்ஸ், கோயம்புத்தூர்ப் பெண். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் இரண்டு பேரும் தமிழில்தான் பேசுவார்கள்.

"அண்ணா, பதினாலுக்குப் புத்தி தடுமாறுதுன்னு டாக்டருக்கு ரெஃபரல் போயிருச்சு. வியாழக்கிழமை மீட்டிங். மெமரி விங்குக்கு மாத்தப் போறாங்க."

"ஏன் சிஸ்டர்? அந்தாள் நல்லாத்தானே இருக்கிறார்?"

"உங்க நோட்ஸ்தாங்ணா முதல்ல இருக்கு. ரோம்ல செத்தேன், எந்திரிச்சு சாப்பிட்டேன்னு."

"அது சினிமா. அந்தாள் படத்தில செத்தவர்."

"அவரோட பொண்ணுகிட்டயே கேட்டுட்டாங்க. எங்கப்பா ஆயுசுக்கும் கான்க்ரீட் போட்டவரு, சினிமாவும் இல்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஏதாவது ஆதாரம் இருந்தாக் கொண்டு வாங்க. நான் பேசிப் பாக்கறேன்."

மெமரி விங் என்றால் ஞாபகம் போனவர்களைப் பூட்டி வைக்கிற பகுதி. இந்திரகுமார் அங்கே ஆறு மாதம் வேலை செய்தவர். கதவில் இலக்கம் அமத்தினால்தான் திறக்கும். முற்றம் இல்லை, யன்னல் இருக்கிறது, அது கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்தபடி. பகல் முழுக்க யாராவது ஒருவர் வந்து கைபிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். நல்ல சுகமாகப் பேசிக்கொண்டு உள்ளே போன ஆட்கள் மூன்று மாதத்தில் பேச்சை நிறுத்தியதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார்.

எழுதிய வசனம் ஒரு மனுசனை என்ன பாடு படுத்தும் என்று அவருக்கு இன்னொருவர் சொல்லத் தேவையில்லை. அகதியாகப் படகில் வந்து முகாமில் இருந்தபோது, அதிகாரி கேட்டார், இரண்டாம் தரம் ஆமி பிடித்தபோது அடித்தார்களா என்று. 'அண்டைக்கு அடிக்கேல்லை, அடுத்த நாள்தான் அடிச்சவங்கள்' என்றார் இவர். பேப்பரில் 'அடிக்கப்படவில்லை' என்பது மட்டும் ஏறியது. அந்த ஒரு வசனத்தைத் திருத்த மூன்று வருசம் போனது. ஊரில் விட்டு வந்த மகள் அப்பாவின் முகம் தெரியாமல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அப்படிப்பட்ட ஆள், இன்னொருவனுக்கு அதே வேலையைச் செய்து வைத்திருக்கிறாரே. அன்றைக்குக் கிரெய்கிபர்னில் வீடு வந்து சேருமட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன்னைத்தானே ஏசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கிரீம் பூசும்போது படத்தின் பெயர் கேட்டார். கிழவருக்குத் தெரியாது.

"செத்தவனுக்கு ஆர் பெயர் சொல்லுறது? ஒரு படம் ஞாபகம். மரப்பாலம். வெள்ளைக் குதிரையள் போகும். பாலத்துக்குப் பக்கத்தில நான் கிடக்கிறன். கால் கமராப் பக்கம்."

"மகளுக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"பிணமா நடிச்சனான் எண்டு பிள்ளைக்குச் சொல்லுறதோ? மனுசிக்குத் தெரியும். அவளும் செத்துப் போயிட்டாள்."

அவ்வளவுதான் கிடைத்த தகவல். வியாழக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. இந்திரகுமார் மகள் சயந்தினியைப் பிடித்தார். அவள் யூனிவர்சிட்டியில் படிக்கிறவள், அப்பாவுக்குப் போனில் எது தேட வேண்டுமென்றாலும் அவள்தான். ஐந்து நிமிசத்தில் ஒரு பட்டியலைக் காட்டினாள்.

"அப்பா, ஹண்ட்ரட்ஸ் இருக்கு. எல்லாத்திலயும் ஒரே ஆள், ஒரே தூண். சீரியஸ்லி, இதையெல்லாம் பாக்கப் போறீங்களா?"

"பாலம் வாறதை மட்டும் எடுத்துத் தா, பிள்ளை."

பாலம் வருகிற படமே பதின்மூன்று இருந்தது. வேலைக்குப் போய் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தார். முன்பு விசிலடித்துப் பார்த்த படங்கள்தான். இப்போது பார்த்தால் அட்டைக் கோட்டை, கயிற்றில் ஆடுகிற சிங்கம், ரோமாபுரி வானத்தில் மின்சாரக் கம்பி. பலசாலி வந்தால் ஓட்டிவிடுவார். ராணி வந்தாலும் ஓட்டிவிடுவார். ஆட்கள் விழுகிற இடம் வந்தால் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, கால்களைப் பார்ப்பார். நல்ல காலம், எல்லோரும் செருப்புத்தான் போட்டிருந்தார்கள். சப்பாத்துப் போட்ட சண்டைப் படமாக இருந்திருந்தால் கிழவரின் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். பத்து நிமிசம் பார்த்தால் பதினைந்து நிமிசம் தூங்கிவிடுவார். விழித்து, விட்ட இடத்துக்குத் திரும்பவும் போவார்.

"உங்களுக்கு அங்க காலைக் கழுவினது காணாதெண்டு இஞ்ச வந்தும் கால்தான் பாக்கிறியள்" என்று மனைவி நிரூபா குசினியில் இருந்து சொன்னாள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். "உங்கட முழங்காலை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ எண்டு எத்தினை மாசமாச் சொல்லுறன். அதுக்கு நேரமில்லை."

புதன்கிழமை லீவு நாள். காலை பதினொரு மணி. ஒன்பதாவது படம். மரப்பாலம் வந்தது, ரோமச் சிப்பாய்களும் மற்றவர்களும் மோதினார்கள், பாலம் எரிந்தது. வெள்ளைக் குதிரைகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. புழுதி அடங்க, திரையின் கீழ்ப் பக்கம் இரண்டு பாதங்கள். முகம் தெரியவில்லை, முகத்தின் மேல் கேடயம் கிடந்தது. இந்திரகுமார் நிறுத்திப் பெரிதாக்கினார். இடது காலில் செருப்பு வாருக்கு இடையால் விரல்களை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சின்ன விரல் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக அந்தத் தழும்பு. தினமும் கிரீம் போடுகிற தழும்பு அவருக்குத் தெரியாதா?

படத்தை ஓட விட்டார். செத்தவரின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

"நிரூபா, இஞ்ச ஓடி வா" என்று கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஆர் இது?"

"எங்கட அங்கிள்."

"மூச்சு விடுறாரே" என்றாள் நிரூபா.

வியாழக்கிழமை மீட்டிங்குக்கு இவரைப் போலக் கழுவித் துடைக்கிற கேரர்மாரை விடுவதில்லை. கதவடியில் கல்யாணி தடுத்தாள்.

"அண்ணா, போனைக் குடுங்க. நான் காட்டறேன்."

"இல்லை சிஸ்டர். எழுதினது நான். நான்தான் சொல்லவேணும்."

அவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே மேனேஜர், டாக்டர், கிழவரின் மகள் லூச்சியா. லூச்சியாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவளுக்கும் களைத்த முகம், அழுது களைத்தது. இந்திரகுமார் நின்றபடியே சொன்னார். ஷிஃப்ட் முடிகிற களைப்பில், சினிமா என்று கேட்டு எழுதாமல் விட்டது தன் பிழை என்றார். பிறகு போனை மேசையில் வைத்து, பாலத்தை ஓட்டி, பாதங்களில் நிறுத்தினார்.

"இடது காலில நாலு விரல். பாருங்கோ. இது அவர்தான்."

டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, இடது காலில் ஒரு விரல் இல்லையென்று இதிலும் இருக்கிறது என்றார். லூச்சியா போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்தாள்.

"எங்கட அப்பாவுக்கு நாலு விரலா?"

டாக்டர் ஃபைலை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எனக்குத் தெரியாது" என்றாள் லூச்சியா. "வேலைக்குப் பூட்ஸ். வீட்டில சொக்ஸ். கடற்கரைக்குப் போனாலும் சொக்ஸ். நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள்."

எல்லோருமாகப் பதினாலாம் அறைக்குப் போனார்கள். இந்திரகுமார் கட்டிலடியில் முழந்தாளிட்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி மடியில் வைத்தார். கிழவர் மகளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"கழட்டட்டோ அங்கிள்?"

கிழவர் தலையசைத்தார். சொக்ஸ் வந்தது. லூச்சியா கட்டிலில் இருந்து அந்தக் காலையே பார்த்தாள். பிறகு கையை வைத்தாள். கிழவர் காலை இழுக்கவில்லை. போனைக் காட்டியபோது முதலில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை, வயிறு ஏறி இறங்கினதும் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் டைரக்டர் எனக்கு உதைச்சவன். பிணம் மூச்சு விடுது எண்டு. எவ்வளவு நேரம் அடக்குறது? குதிரை எல்லாம் போகவேணுமே."

லூச்சியா சிரிக்கத் தொடங்கி அழுதாள். மற்றப் பத்துச் சாவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். மேனேஜர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்து, நோட்ஸைத் திருத்து, அறையை மாற்றத் தேவையில்லை என்றார். இந்திரகுமார் அன்றைக்கு முக்கால் மணி நேரம் பிந்தித்தான் வீட்டுக்குப் போனார். பதினாறு குறிப்புக்கும் கீழே 'இவர் சினிமாவில் நடித்தவர், சொன்னது உண்மை' என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். வெட்டி ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு லூச்சியா ஞாயிறு தோறும் வந்தாள். வந்தால் சொக்ஸை அவளே கழற்றிக் கிரீம் போட்டாள். இந்திரகுமாருக்கு ஒரு வேலை குறைந்தது. அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. ஏப்ரலில் கடைசித் தக்காளி பழுத்தது. நாலு பழத்தைக் கடதாசியில் சுற்றி நிரூபாவுக்குக் கொடுத்துவிட்டார் கிழவர். மே மாதம் குளிர் இறங்க, செடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். கிழவர் வெறும் தொட்டிகளைக் கதவுக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் கிழவர், லூச்சியாவும் சம்மதித்தாள். மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தாள். நாலாம் நாள் காலை, உடுப்பு மாற்றி வர வீட்டுக்குப் போனாள். அவள் போய் ஒரு மணி நேரத்தில், இந்திரகுமார் சுடுதண்ணீர்ச் சட்டியோடு அறைக்குள் வந்தபோது, கிழவர் முற்றத்துப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கிடந்தார்.

கல்யாணி வந்தாள், நாடி பார்த்தாள், நேரத்தைக் குறித்தாள். "அவங்க பொண்ணுக்கு நான் போன் பண்றேங்ணா. வர முக்கால் மணி நேரம் ஆகும். நீங்க கழுவி விட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்திரகுமார் கழுவினார். முகம், கை, நெஞ்சு. காலுக்கு வந்தபோது கிரீமை எடுத்தார், எதற்கு என்று தோன்றியது, ஆனாலும் பூசினார். நாலு விரலுக்கும் இடையில் துடைத்தார். சொக்ஸைப் போடவில்லை. லூச்சியா வந்து பார்க்கட்டும் என்று விட்டார். வெள்ளைத் துணியை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டு, தன் களைத்த முழங்காலைக் கட்டிலில் முட்டுக்கொடுத்து நின்றார்.

நின்றபடி கிழவரின் வயிற்றைப் பார்த்தார். அது பைத்தியக்கார வேலை என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருசத்தில் எத்தனை பேரைக் கழுவியிருப்பார், ஒருவரின் வயிற்றையும் இப்படிப் பார்த்ததில்லை. துணி அசையவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. தட்டுகள் குலுங்க வண்டி ஒவ்வொரு கதவாக நின்று நின்று வந்தது. பதின்மூன்றாம் அறையில் நின்றது. பிறகு வழக்கம்போலப் பதினாலுக்கு வெளியேயும் வந்து நின்றது.

"அங்கிள், மணி அடிச்சாச்சு" என்றார் இந்திரகுமார்.

வெளியே யாரோ வண்டிக்காரப் பெண்ணிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்கள். வண்டி பதினைந்தாம் அறைக்கு நகர்ந்தது. இந்திரகுமார் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.